கரட், லீக்ஸ், போஞ்சி விதை: நுவரெலியா குளிரில் சும்மா வைத்தால் தாங்குமா?

கந்தப்பளை மரக்கறி:

எல்லாருக்கும் வணக்கம். கந்தப்பளையில் அப்பாவும் நானும் அரை ஏக்கரில் கரட், லீக்ஸ், போஞ்சி போடுகிறோம். விதை விலை இருக்கிற இருப்பில் மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை. கையில் இருப்பது இவ்வளவுதான்: உடைத்த கரட் விதை டின் ஒன்று, பாதிக்கு மேல் மிச்சம். லீக்ஸ் விதை இரண்டு பக்கெட், ஒன்று உடைத்தது, ஒன்று உடைக்காதது. அதோடு கொடிப் போஞ்சியில் நல்ல செடியாகப் பார்த்துக் காயவிட்ட நெற்று, உரித்தால் இரண்டு கிலோ விதை வரும். கெப்பெட்டிப்பொல நீல் ரகம். இந்தப் போஞ்சியை மூன்று வருடமாவது கையில் வைத்திருக்க வேண்டும். அடுத்த வருடம் மழையில் எல்லாம் அழிந்தாலும் விதை தப்ப வேண்டும்.

கேள்விகள்:

இங்கே பகலிலேயே 20 பாகை தாண்டுவது கஷ்டம். இந்தக் குளிர் போதாதா, பிரிட்ஜ் அவசியமா? பிரிட்ஜ் என்றால் கீழ்த்தட்டா, ஐஸ் பெட்டியா? எந்த விதை எத்தனை வருடம் தாங்கும்? சாம்பல் கலந்து வைக்கலாமா? விதை காய்ந்ததை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஊவாக்காற்று:

தம்பி, குளிர் போதாது. உங்கள் பக்கம் விதையைச் சாகடிப்பது சூடு இல்லை, ஈரம். அதனால் பிரிட்ஜைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உலர்த்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலில் உலர்த்து, பிறகு காற்றுப் புகாமல் அடை, கடைசியில் குளிரில் வை. இந்த வரிசையை மாற்றினால் செலவழித்ததெல்லாம் வீண்.

காரணம் இதுதான். விதை சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 வீதம் என்றால் போஞ்சி விதைக்குள் ஏறத்தாழ 15 வீதம் ஈரம் நிற்கும், கரட்டில் 11 முதல் 12, கோவாவில் 9 முதல் 10. காற்று 45 வீதத்துக்கு இறங்கினால் போஞ்சி 9 சொச்சம், கரட் 8, கோவா 6 சொச்சம். எண்ணெய்ச் சத்துள்ள விதை ஒரே காற்றில் குறைவாகத்தான் ஈரம் பிடிக்கும், மாச்சத்துள்ளது கூடப் பிடிக்கும். அதனால் “எல்லா விதைக்கும் 8 வீதம்” என்று பொதுவாகச் சொல்வது சரிவராது. மழைக்காலத்தில் கந்தப்பளைக் காற்று நாள் முழுக்க 80, 90 என்று நிற்கும். அந்தக் காற்றில் திறந்து வைத்த டின்னை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் விதை ஆராய்ச்சி செய்த ஹாரிங்டன் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. விதையின் ஈரம் 1 வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் சூடு 5 பாகை குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் 5 முதல் 14 வீதத்துக்குள் இருக்கும்போதுதான் இது பொருந்தும். மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், சட்டம் இல்லை.

உங்கள் கரட் டின்னுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். டின்னில் அடைக்கும்போது கரட் விதை 7 வீதம் போல உலர்ந்திருக்கும். உடைத்த பிறகு மேலே போடுகிற பிளாஸ்டிக் மூடி விதை கொட்டாமல் பிடிக்கும், அவ்வளவுதான். ஈரக்காற்றைத் தடுக்காது. பொடி விதை என்பதால் சீக்கிரமே ஈரம் குடித்து 12 வீதத்துக்கு ஏறிவிடும். 5 வீதம் கூடினால் ஐந்து முறை பாதியாக வேண்டும், அதாவது ஆயுள் 32-ல் ஒரு பங்கு. அதே விதையை 20 பாகை அறையிலிருந்து 5 பாகை பிரிட்ஜுக்கு மாற்றினால் கிடைப்பது மூன்று இரட்டிப்பு, 8 மடங்கு. ஈரத்தில் விட்டதைக் குளிரில் பிடிக்க முடியாது என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. பிரிட்ஜுக்குள்ளேயும் ஈரம் உண்டு. கடதாசிப் பக்கெட்டையோ மெல்லிய பொலித்தீன் பையையோ அப்படியே உள்ளே வைத்தால் விதை அங்கேயும் ஈரம் குடிக்கும். பொலித்தீன் தண்ணீரைத் தடுக்கும், நீராவியை மெதுவாக விட்டுவிடும்.

ஆயுள் கேட்டீர்கள். சாதாரண அறையில், சுமாராக உலர்த்தியது என்றால் லீக்ஸ், வெங்காயம் 1 முதல் 2 வருடம். கரட், போஞ்சி 3. கோவா, முள்ளங்கி, பீட்ரூட், தக்காளி 4 சொச்சம். மிளகாய், கறிமிளகாய் 2 முதல் 3. நன்றாக உலர்த்தி அடைத்துக் குளிரில் வைத்தால் இவை எல்லாமே பல மடங்கு நீளும். ஆனால் லீக்ஸ் எப்போதும் முதலில் போகும் ஆள். உடைத்த லீக்ஸ் பக்கெட்டைச் சேமிக்கப் பார்க்காமல் அடுத்த நாற்றுமேடையிலேயே தீர்த்துவிடுங்கள். உடைக்காததை அப்படியே விடுங்கள், அலுமினியப் பூச்சுள்ள பக்கெட் என்றால் அதைவிட நல்ல அடைப்பு வீட்டில் கிடைக்காது.

---

பரண்:

ஊவாக்காற்று அண்ணன் சொன்னதற்கு மேல் உலர்த்துகிற வழியை எழுதுகிறேன். மலையில் இருப்பவர்கள் திணறுகிற இடம் அதுதான்.

வெயிலில் தகரத்தில் பரப்பாதீர்கள். தகரமும் சிமெந்துத் தரையும் வெயிலில் 50 பாகையைத் தாண்டும். ஈர விதை அந்தச் சூட்டில் அவிந்துவிடும். போஞ்சி என்றால் தோல் வெடிக்கும், வெளியே பார்த்தால் நல்ல விதை, முளைக்கும்போது பருப்பு இரண்டாகக் கழன்று நிற்கும். உலர்த்தும் சூடு 35 பாகைக்கு மேல் போகக்கூடாது. நெற்றை அறுத்து, நிழலில், காற்றோட்டத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுங்கள். நெற்று கையில் நொறுங்கும்போது உரியுங்கள். உரித்ததைச் சல்லடைத் தட்டில் ஒரு விதை கனத்துக்குப் பரப்பினால் போதும்.

பருவத்தைப் பாருங்கள். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் காய்ந்த காலம். வெலிமடை, பண்டாரவளைக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும். விதைக்கென்று விடுகிற போஞ்சியை அந்த மாதங்களில் நெற்றாகிற மாதிரி நட்டால் பாதி வேலை முடிந்தது. மே, ஜூனில் உங்கள் பக்கம் நெற்று முற்றினால் செடியிலேயே பூசணம் பிடிக்கும்.

மழைக்காலத்தில் உலர்த்தியே ஆக வேண்டும் என்றால் குளிர்க்காற்றையே நமக்குச் சாதகமாக்கலாம். 16 பாகையில் 85 வீத ஈரப்பதமுள்ள காற்றை, ஒரு துளி தண்ணீரும் எடுக்காமல், 26 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 46 வீதம் ஆகிவிடும். 32 பாகைக்குக் கொண்டுபோனால் 33 வீதம் போல. கொழும்பில் 30 பாகைக் காற்றை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, 40-க்கு மேல் சூடாக்க வேண்டிவரும், விதை போய்விடும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

பெட்டி இப்படி: பிளைவுட்டில் இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். அடியில் 40 வாட் இழை பல்பு ஒன்று. எல்.ஈ.டி. பல்பு வேண்டாம், அது சூடு தராது. பல்புக்கு மேலே ஒரு தகரத் துண்டைக் கிடையாக மாட்டுங்கள், சூடு நேராக விதையில் அடிக்காது, உதிர்கிற சருகு பல்பில் விழாது. அதற்கு ஓரடி மேலே நுளம்புவலை அடித்த தட்டு. கீழ் ஓரத்தில் நாலு துளை, மேல் மூடியில் நாலு துளை, விரல் நுழைகிற அளவு. மேல் துளை இல்லாவிட்டால் விதை விட்ட ஈரம் வெளியேறாமல் பெட்டிக்குள் வியர்க்கும். தட்டின் உயரத்தில் ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள். 35-ஐத் தாண்டினால் துளையைப் பெரிதாக்குங்கள், 28-க்குக் கீழே நின்றால் இரண்டை அடையுங்கள். காட்போட் பெட்டியில் இதைச் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும். பல்பு நாள் முழுக்க எரிந்தால் ஒரு யூனிட் போல ஆகும். நாளுக்கு இரண்டு முறை விதையைக் கிளறிவிடுங்கள்.

லயத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிச் சோளக்கதிர், போஞ்சி நெற்று எல்லாம் போட்டு வைத்ததும் இதே கணக்குத்தான். சூடான காற்று, கூடவே புகைக்கு வண்டு அண்டாது. இன்றும் செய்யலாம். பரணில் வெப்பமானி வைத்து 35-க்கு மேல் போகிற இடத்தை மட்டும் ஒதுக்குங்கள்.

---

கந்தப்பளை மரக்கறி:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. பெட்டி செய்ய முடியும். எத்தனை நாள் என்று எப்படித் தெரியும்? நகத்தால் அழுத்திப் பார்ப்பது போதுமா? சிலிக்கா ஜெல் எவ்வளவு போடுவது?

---

ஊவாக்காற்று:

நகம் முதல் கட்டத்துக்குத்தான். நகம் பதிந்தால் ஈரம் நிறைய இருக்கிறது. பதியாவிட்டால், சுத்தியலால் ஒரு போஞ்சியைத் தட்டுங்கள். நசுங்கினால் இன்னும் உலர வேண்டும். கண்ணாடி போல் சிதறினால் ஓரளவு வந்துவிட்டது. காய்ந்த உப்புச் சோதனையும் உண்டு: வறுத்து ஆறிய உப்பைப் போத்தலில் கால் பங்கு போட்டு, விதையைப் பாதி வரை நிரப்பி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் விதை 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்றுதான் அர்த்தம், சேமிக்கத் தயார் என்று அர்த்தமில்லை. பலரும் கோட்டை விடுகிற இடம் இது.

சரியாகத் தெரிய இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று தராசு. தொடங்கும்போது இருந்த ஈரமும் நிறையும் தெரிந்தால், எந்த நிறைக்கு வர வேண்டும் என்று கணக்கிடலாம். தொடக்க நிறையை, நூறிலிருந்து தொடக்க ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, நூறிலிருந்து வேண்டிய ஈரத்தைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் 2000 கிராம் போஞ்சி 16 வீதத்தில் இருந்து 9-க்கு வர வேண்டும் என்றால் 2000 பெருக்கல் 84 வகுத்தல் 91. விடை 1846 கிராம். 154 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். கிராம் காட்டுகிற சமையல் தராசு இதற்குப் போதும்.

தொடக்க ஈரம் தெரியாது என்பீர்கள். அதற்குத்தான் இரண்டாவது வழி: சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. விதை நிறைத்த போத்தலுக்குள் அதைப் போட்டு மூடி, ஒரு நாள் விட்டு வெளியிலிருந்தே வாசியுங்கள். உள்ளே இருக்கிற காற்று விதையின் ஈரத்துக்குச் சமமாக வந்து நிற்கும். போஞ்சி போத்தலில் 40 முதல் 45 வீதம் காட்டினால் நிறுத்துங்கள். கரட், லீக்ஸ், கோவா, தக்காளிக்கு 25 முதல் 30 வரை இறக்கலாம். 65-க்கு மேல் காட்டினால் பூசணம் வளரும், அந்தப் போத்தலைத் திறந்து மீண்டும் உலர்த்துங்கள்.

மலிவான மானி பொய் சொல்லும். சோதிக்கச் சாப்பாட்டு உப்பு போதும். ஒரு போத்தல் மூடியில் உப்புப் போட்டு, சேறு போல் நனைகிற அளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துப் பெரிய போத்தலில் அடைத்து இரவு முழுக்க விடுங்கள். உள்ளே 75 வீதம் இருக்க வேண்டும். மானி 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கா ஜெல் அளவு: பொடி விதைக்கு விதையின் நிறைக்குச் சம நிறை, அதுவே பாதுகாப்பு. போஞ்சிக்குப் பெட்டியில் 12 வீதம் வரை உலர்த்திவிட்டு மிச்சத்தை மட்டும் சிலிக்காவிடம் விடுங்கள். 12-லிருந்து 9-க்கு வர உங்கள் இரண்டு கிலோவுக்கு 60 கிராம் சொச்சம் தண்ணீர்தான் எடுக்க வேண்டும், 400 கிராம் சிலிக்கா தாராளம். விதையைத் துணிப்பையில் கட்டி, சிலிக்காவுக்கு மேலே வைத்து அடையுங்கள். கரட் ஒரு வாரத்தில் வந்துவிடும், போஞ்சிக்கு இரண்டு வாரம் கூட ஆகலாம். தோலும் பருப்பும் கனமல்லவா.

நீலச் சிலிக்கா ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைட், நச்சு. விதையோடு நேராகக் கலக்காதீர்கள், கையாண்டால் கை கழுவுங்கள். செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுகிற வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். மீண்டும் உலர்த்த 120 பாகை அவனில் 2 முதல் 3 மணி நேரம், ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி. அவன் இல்லாவிட்டால் கனமான சட்டியில் மெல்லிய தீயில் வறுக்கலாம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் திரும்பியதும் இறக்குங்கள். அதிகச் சூட்டில் கறுத்துவிட்டால் பிறகு நிறம் காட்டாது. சூடு ஆறும்வரை மூடிய போத்தலுக்குள் வையுங்கள். திறந்து ஆறவிட்டால் ஆறும்போதே மறுபடி ஈரம் குடித்துவிடும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சின்னப் பொட்டலங்களை நம்ப வேண்டாம், அவை வீட்டுக்கு வரும்போதே நிறைந்திருக்கும்.

சிலிக்கா கிடைக்காத இடத்தில் அரிசி. மெல்லிய பழுப்பு வரும்வரை வறுத்து, சூடாகவே போத்தலில் அடைத்து, ஆறியபின் விதைப்பையை உள்ளே வையுங்கள். விதையின் நிறைக்கு இரண்டு மடங்கு அரிசி. வறுக்காத அரிசி 12, 13 வீத ஈரத்தோடு இருக்கும், அதை வைத்துக் கரட் விதையை உலர்த்தினால் அரிசியிடமிருந்து விதைதான் ஈரம் வாங்கும். மருந்து பூசிய விதையோடு இருந்த அரிசியைச் சமைக்கக்கூடாது.

---

விதைப்பெட்டி:

போஞ்சியில் வண்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தம்பி, மூன்று வருடச் சேமிப்பில் ஈரத்துக்கு அடுத்த எதிரி அதுதான்.

வண்டு போத்தலுக்கு வெளியே இருந்து வருவதில்லை. தோட்டத்தில் நெற்று முற்றும்போதே முட்டை வைத்துவிடும். புழு விதைக்குள் துளைத்துப்போய் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு விதையிலும் குண்டூசித் தலை மாதிரி வட்ட ஓட்டை, அடியில் மாவு. வெளியே வந்த வண்டு அதே போத்தலில் மறுபடி முட்டை வைக்கும். இரண்டு தலைமுறையில் ஒரு கிலோவும் சல்லடை.

தீர்வு டீப் ஃபிரீஸர், மைனஸ் 18 பாகை, ஏழு நாள். ஆனால் உலர்த்திய பிறகுதான். ஈரம் கூடிய நிலையில் உறைய வைத்தால் விதைக்குள் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகி உயிரணுவைக் கிழிக்கும், வண்டோடு விதையும் செத்துவிடும். 9 வீதத்துக்கு வந்த போஞ்சிக்கு ஒன்றும் ஆகாது. ஏழு நாள் முடிந்ததும் போத்தலை வெளியே எடுத்து, மூடியைத் தொடாமல், ஒரு இரவு முழுக்க அறையில் விடுங்கள். குளிர்ந்த போத்தலை உடனே திறந்தால் உங்கள் ஊர்க்காற்று விதையின் மேல் தண்ணீராகப் படியும். இரண்டு வாரம் உலர்த்தியது இரண்டு நிமிடத்தில் போகும். பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போதும் இதே விதிதான், எப்போதும்.

சாம்பல் கேட்டீர்கள். விதைக்குச் சம அளவு நன்றாகச் சலித்து வறுத்த விறகுச் சாம்பலைக் கலந்து நிரப்பினால் வண்டு நடமாட முடியாது, அது உண்மை. ஆனால் சாம்பல் வண்டுக்குத்தான் மருந்து, ஈரத்துக்கு இல்லை. ஈரச்சாம்பல் கலந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த போகத்துக்கு மட்டும் வைக்கிற விதை என்றால் கிலோவுக்கு 5 மி.லீ. தேங்காய் எண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் தடவினாலே முட்டை பொரிக்காது. மூன்று வருடத்துக்கு வைப்பதில் எண்ணெய் தடவாதீர்கள், சிக்குப் பிடித்துவிடும்.

போஞ்சியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மற்ற விதை மாதிரி இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று போகக்கூடாது. 6 வீதத்துக்கும் கீழே போன போஞ்சியை ஈரமண்ணில் போட்டால் தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சி உள்ளே வெடிக்கும், அதுவும் குளிர்மண்ணில் இன்னும் அதிகம். 8 முதல் 10-க்குள் நிறுத்துங்கள். விதைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் போத்தலைத் திறந்து, தட்டில் பரப்பி, அறைக்காற்றில் விடுங்கள். காற்றிலிருந்து மெதுவாக ஈரம் எடுத்துக்கொள்ளும், பிறகு மண்ணில் போட்டால் வெடிக்காது. உங்கள் ஊரில் இதற்கு ஒரு செலவும் இல்லை.

---

பச்சைமலை:

ஃபிரீஸரிலேயே விட்டுவிட்டால் என்ன? கன்னொறுவையில் இருக்கிற தாவர மரபு வள நிலையம் மாதிரி இடங்களில் குளிரறையில்தானே வைக்கிறார்கள். உலக மரபணு வங்கிகளுக்கும் மைனஸ் 18-தான் நியமம்.

---

ஊவாக்காற்று:

நியமம் சரிதான். ஆனால் அவர்கள் 10 முதல் 25 வீத ஈரப்பதக் காற்றில், 5 முதல் 20 பாகையில் வைத்து, விதையை மெதுவாக உலர்த்தி, அலுமினியப் பைகளில் வெப்பத்தால் ஒட்டி அடைத்த பிறகுதான் உறைய வைக்கிறார்கள். எடுப்பதும் எப்போதாவதுதான். வீட்டு ஃபிரீஸரில் நாளுக்குப் பத்து முறை கதவு திறக்கும், கரண்ட் போகும், உறைந்து இளகி உறையும். வண்டுக்கு ஏழு நாள் வைப்பது வேறு, வருடக்கணக்கில் வைப்பது வேறு. மூன்று, நாலு வருடத்துக்கு பிரிட்ஜின் கீழ்த்தட்டே போதும். கதவில் வேண்டாம், பின்பக்கச் சுவரில் ஒட்டியும் வேண்டாம், நடுவில் வையுங்கள்.

பத்து வருடத்துக்கு மேல் வைக்க வேண்டிய பாரம்பரிய விதை என்றால், இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை ஃபிரீஸரில் வைப்பது நியாயம்.

---

பரண்:

போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. தகர மூடியின் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிற ஜேம் போத்தல் நல்லது, வளையம் காய்ந்து வெடித்திருக்கக் கூடாது. சந்தேகமானால் வெறும் போத்தலில் காய்ந்த நீலச் சிலிக்கா ஒரு தேக்கரண்டி போட்டு மூடி, குளியலறையில் இரண்டு வாரம் விடுங்கள். நீலமாகவே இருந்தால் அந்தப் போத்தலை நம்பலாம். பிளாஸ்டிக் டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வருடக்கணக்குக்கு உதவாது.

எல்லாவற்றையும் ஒரே போத்தலில் போடாதீர்கள். போஞ்சியை ஒரு போகத்துக்கு ஒரு போத்தல் என்று பிரித்து அடையுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றவை தொடப்படாமல் இருக்கும். கரட்டையும் ஒரு பாத்திக்கு வேண்டிய அளவாகச் சின்னக் கடதாசிப் பொட்டலங்களாக்கி, அவற்றை ஒரே கண்ணாடிப் போத்தலில் சிலிக்காவோடு வைக்கலாம். ரகம், அறுத்த மாதம், அடைத்த திகதி, மானி காட்டிய எண் நாலையும் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். மை பூத்துவிடும்.

---

தலவாக்கலை கொழுந்து:

இந்த முறையில் தேயிலை விதை வைக்கலாமா? பழைய சீட்லிங் (விதையிலிருந்து வளர்த்த தேயிலை) மலையில் காய் நிறைய விழுகிறது. ஆனைக்கொய்யா கொட்டையும் இருக்கிறது.

---

விதைப்பெட்டி:

கூடவே கூடாது. தேயிலை, ஆனைக்கொய்யா, பலா, மா, கறுவா எல்லாம் உலர்ந்தால் செத்துப்போகிற விதைகள். மேலே எழுதிய சிலிக்கா, பெட்டி, ஃபிரீஸர் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. தேயிலைக் காய் வெடித்து விழுந்ததும் பொறுக்கி, தண்ணீரில் போட்டு, மூழ்குவதை மட்டும் எடுங்கள், மிதப்பது வெறுமை அல்லது காய்ந்தது. உடனே நடுவதுதான் நல்லது. வைத்தே ஆக வேண்டுமானால் ஈரமான கரித்தூளிலோ மணலிலோ கலந்து, குளிரான இடத்தில் சில மாதம் வைக்கலாம். பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரம். உறைய வைக்கக்கூடாது. ஆனைக்கொய்யாக் கொட்டையைப் பழம் சாப்பிட்ட வாரத்திலேயே நடுங்கள்.

---

கந்தப்பளை மரக்கறி:

கரட் டின் ஏற்கனவே ஒரு மாதமாகத் திறந்துதான் இருக்கிறது. இப்போது உலர்த்திப் பிரயோசனம் உண்டா? விதை இளஞ்சிவப்பு நிறம்.

---

விதைப்பெட்டி:

இழந்த உயிர் திரும்பாது, மிச்சமிருப்பதை நிறுத்தி வைக்கலாம். அதனால் முதலில் முளைதிறன் பாருங்கள், பிறகு உலர்த்துவதா என்று முடிவெடுங்கள். இளஞ்சிவப்பு என்றால் பூஞ்சைக்கொல்லி பூசியது. கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வெறும் வாயால் ஊதிப் புடைக்காதீர்கள்.

நூறு விதை எண்ணுங்கள். பத்துப் பதினைந்தில் செய்தால் எண் நம்பகமாக இருக்காது. கனமான டிஷூ இரண்டு தாளை நனைத்துப் பிழிந்து, விதை ஒன்றோடொன்று படாமல் வரிசையாக வைத்து, மேலே ஒரு ஈரத்தாள் மூடி, தளர்வாகச் சுருட்டி, பொலித்தீன் பையில் நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகும், விதை செத்தது என்று தப்பாக நினைப்பீர்கள். 20 பாகை போல இருக்க வேண்டும், இரவில் உங்கள் வீடு 12-க்கு இறங்கினால் சமையலறையில் வையுங்கள். கரட், லீக்ஸ் 14 நாள் வரை பொறுங்கள், போஞ்சி 9, கோவா 10, சலாது 7. மிளகாய், தக்காளிக்கு 25 பாகையாவது வேண்டும், 14 நாள்.

எண்ணும்போது வேர் எட்டிப்பார்த்ததை எல்லாம் சேர்க்காதீர்கள். வேரும் தண்டும் நேராக வந்ததை மட்டும் எண்ணுங்கள். பழைய விதையில் வேர் நுனி பழுப்பாகி நின்றுவிடும், முறுக்கிக்கொள்ளும். அது மண்ணில் வெளியே வராது. 100-க்கு 80 வந்தால் உலர்த்தி அடையுங்கள். 60 போல வந்தால் அடுத்த பாத்தியிலேயே, வழக்கமான அளவை 0.6-ஆல் வகுத்து, அதாவது மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் கூடப் போட்டுத் தீர்த்துவிடுங்கள். 40-க்குக் கீழே என்றால் கூடப் போட்டும் பயனில்லை, வருகிற நாற்றும் நோஞ்சானாகச் சமமில்லாமல் வரும், கரட்டில் அது கிழங்கின் பருமனில் தெரியும்.

முன்முளைப்பு செய்து உலர்த்திய விதையும், களிமண் உருண்டையாகப் பூசிய விதையும் சேமிக்க ஏற்றதல்ல. டின்னின் மேல் அப்படி அச்சிட்டிருந்தால் முளைதிறன் என்ன வந்தாலும் இந்தப் போகத்திலேயே போட்டுவிடுங்கள்.

---

கந்தப்பளை மரக்கறி:

டின்னில் அப்படி ஒன்றும் இல்லை. இன்றைக்கே நூறு எண்ணிச் சுருட்டி வைக்கிறேன் அக்கா. கரட் சிலிக்காவில் இருக்கும்போதே அதே பெரிய போத்தலில் போஞ்சிப் பையையும் போடலாமா?

---

ஊவாக்காற்று:

வேண்டாம். போஞ்சி விடுகிற தண்ணீரில் ஒரு பங்கைக் கரட்டும் குடித்துவிடும். மானியில் கரட் 30 வீதத்தில் நிற்க வேண்டும், போஞ்சி 45-ல். தனித்தனிப் போத்தல், தனித்தனி மானி. ஒரு மானிதான் இருக்கிறது என்றால் கரட்டை முதலில் முடித்து அடைத்துவிட்டு, சிலிக்காவை வறுத்து நீலமாக்கி, பிறகு போஞ்சிக்கு வாருங்கள். அதுவரை போஞ்சி பெட்டியிலேயே இருக்கட்டும்.